லுவெம்பே ஆறு எழுந்து நின்ற மூன்று நாட்கள்

சாம்பியா நாட்டில், சாம்பேசி நதியோடு போய்க் கலக்கிற லுவெம்பே என்கிற ஆறு, ஒரு செப்டம்பர் மாதத்துப் புதன்கிழமை காலை எட்டு மணி சுமாருக்கு, தன்னுடைய நீர்யானைகளோடும் முதலைகளோடும் மீன்களோடும் மேலே மிதந்துகொண்டிருந்த ஆகாயத் தாமரைகளோடும் படுக்கையை விட்டு எழுந்து, ஓர் ஆள் உயரமும் அதற்கு மேல் ஒரு கை நீளமும் உயர்ந்து, அந்த உயரத்திலேயே வழக்கம்போலக் கிழக்கே ஓடத் தொடங்கியபோது, பாளையங்கோட்டை ரூபவதி கரையிலிருந்த கூடாரத்து வாசலில் உட்கார்ந்து, செருப்புக்குள் தேள் இருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூபவதிக்கு எல்லாவற்றுக்கும் பயம். இருபத்தாறு வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள், ரத்தத்துக்கும் அலறலுக்கும் அசையாதவள், ஆனால் லிஃப்டில் ஏறமாட்டாள், நகரும் படிக்கட்டில் கால் வைக்கமாட்டாள், தெருநாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவாள், தாமிரபரணி பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஒருநாள்கூட முழங்காலுக்கு மேல் அதில் இறங்கினதில்லை. அவளுக்கு வாய்த்த புருஷன் ஞானதுரை, அவளுடைய சொந்த அத்தை மகன், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பயம் என்றால் என்னவென்று பாடப் புத்தகத்தில் மட்டுமே படித்த மனுஷன். தண்ணீரில் கீழ் அலகை ஆழ்த்தி, பறந்தபடியே ஆற்றைத் துணி கிழிப்பதுபோல நீளமாகக் கிழித்துக்கொண்டு போகிற ஒரு பறவை ஆப்பிரிக்காவில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதும் அவளையும் கையைப் பிடித்து விமானத்தில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார்.

அன்று விடிந்ததும் அவரும் வழிகாட்டி லுபாசியும் துடுப்புப் படகில் ஏறி, நடு ஆற்றில் இருந்த மணல் தீவுக்குப் போயிருந்தார்கள். அந்தப் பறவை அங்கேதான் மணலில் முட்டையிடும். ரூபவதி வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆறு எழுந்தபோது சத்தமே இல்லை. இரண்டு நாட்களாகக் கரையில் நக்கிக்கொண்டிருந்த அலைச் சத்தம் சட்டென்று நின்றது, அதைத்தான் அவள் முதலில் உணர்ந்தாள், பிறகு பல வருஷமாக மூடியிருந்த பானையைத் திறந்ததுபோல ஒரு சேற்று நாற்றம் வந்தது, நிமிர்ந்து பார்த்தாள், கரைக்கு மேலே கண்ணாடிச் சுவர் மாதிரி தண்ணீர் செங்குத்தாக நின்றது, அந்தச் சுவருக்குள் ஒரு கெளிறு மீன் மீசையை ஆட்டிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிற்று. சுவருக்குக் கீழே, நேற்றுவரை ஆறு இருந்த இடத்தில், இருட்டாக, ஈரமாக, பெரிய வீட்டின் நிலவறைபோல ஒரு வெளி திறந்து கிடந்தது.

முகாம் மேலாளர் பாட்ரிக் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தார். மின்சாரம் போய்விட்டது என்று சொல்வதுபோல, "ஆறு எழுந்துட்டுதும்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கோப்பை மட்டும் தட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

ரூபவதி விரலை மட்டும் நீட்டித் தீவு இருந்த திசையைக் காட்டினாள்.

வாக்கிடாக்கியில் ஞானதுரையின் குரல் கிடைக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவர் உயிரோடு இருந்தார், ஆனால் லுபாசிக்குத்தான் அடி. படகின் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தபோது ஆறு எழுந்ததால், படகு ஆற்றோடு மேலே போக, கயிற்றோடு லுபாசியும் மேலே போய், பனை ஏறினவன் பிடி நழுவினமாதிரி கீழே விழுந்து, வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலும் கிழிந்துவிட்டது. படகு ஆளில்லாமல் ஆற்றின் மேலேயே கிழக்கே போய்விட்டது.

"தீவு அப்படியேதான் இருக்கு ரூபா" என்றார் ஞானதுரை. "சுத்தி நாலு பக்கமும் தண்ணி சுவரு மாதிரி நிக்கி. என் தலைக்கு மேல நிக்கி. நீ பயப்படாத."

முகாமை ஒட்டி இருந்த சியாமுண்டே என்ற ஊருக்கு ஒரு தலைவி உண்டு, அகத்தா என்று பெயர், கனத்த உடம்பு, ஆண்கள் போடுகிற கோட்டு ஒன்றை எந்த வெயிலிலும் கழற்றமாட்டாள். அவள் வந்து கரையில் நின்று, தண்ணீரின் விளிம்பைக் கண்ணால் அளந்து, இது முன்பும் நடந்ததுதான், தான் தாயின் வயிற்றில் இருந்தபோது நடந்தது, பதினோரு நாள் நின்றது, அதற்கு முன்பு ஒருமுறை ஒரு பகல் மட்டும் நின்றது, எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஆற்றுக்கே தெரியாது என்று சொன்னாள். ஏன் எழுந்தது என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. இறங்கும்போது யாரையெல்லாம் எடுத்துக்கொண்டது என்றுதான் கேட்டார்கள். பதினோரு நாள் நின்றபோது ஏழு பேர் என்றாள், ஒருபகல் நின்றபோது இரண்டு பேர் என்றாள், கூட்டத்திலிருந்த பெண்கள் எல்லோரும் தங்கள் குழந்தைகளைத் தேடிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் தலைநகரிலிருந்து ஒரு சின்ன விமானம் வந்து மேலே சுற்றியது. விமானி ரேடியோவில், ஆறு வழக்கம்போலத்தான் இருக்கிறது, தீவில் ஒருவர் நின்று கையாட்டுகிறார், ஒருவர் படுத்திருக்கிறார், ஒரு படகை அனுப்பிக் கூட்டிவாருங்கள், இதற்கா என்னை வரச் சொன்னீர்கள் என்று கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார். மேலேயிருந்து பார்த்தால் ஆறு ஆறாகத்தான் தெரிந்தது. மறுபடி ரேடியோவில் கூப்பிட்டபோது, குடித்துவிட்டுப் பேசவேண்டாம் என்று பதில் வந்தது.

பன்னிரண்டு ஆண்கள் சேர்ந்து முகாமின் விசைப்படகைத் தலைக்கு மேலே தூக்கி, அந்தத் தண்ணீர்ச் சுவரின் உச்சியில் ஏற்றப் பார்த்தார்கள். படகின் மூக்கு தண்ணீரில் படும்போதே சுவருக்குள்ளிருந்து ஒரு முதலை இடுப்புவரை வெளியே நீண்டு, காற்றைக் கடித்து, கதவை அறைந்ததுபோலச் சத்தம் எழுப்பி, உள்ளே போயிற்று. படகைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் ஊர் ஆற்றுக்குப் பழகத் தொடங்கியது. பழகாமல் என்ன செய்ய? சோளம் அரைக்கும் மில் அக்கரையில் இருந்தது, பள்ளிக்கூடம் அக்கரையில் இருந்தது, ஓடம் விட ஆறு கீழே இல்லை. முதலில் ஒரு பெண் முதுகில் குழந்தையோடும் தலையில் சோள மூட்டையோடும் மேற்கே ஆழமில்லாத இடமாகப் பார்த்து அடியில் இறங்கி நடந்து, அக்கரையில் ஏறி, மாவோடு திரும்பி வந்தாள். அதைப் பார்த்து நாலு பேர் போனார்கள், பிறகு நாற்பது பேர் போனார்கள். அகத்தா சட்டம் போட்டாள். வெறுங்காலோடு போகவேண்டும், சத்தமாகப் பேசக்கூடாது, மேலே விரல் நீட்டக்கூடாது, பயப்படுகிறவர்களை நடுவில் விட்டு முன்னும் பின்னும் பயப்படாதவர்கள் போகவேண்டும், பயப்படாதவர்கள் யாரும் இல்லாததால் வயதில் மூத்தவர்கள் போகவேண்டும். வழி தெரிய இரண்டு பக்கமும் வெள்ளைக் கற்கள் வைத்தார்கள். தண்ணீர் வேண்டிய பெண்கள் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கி ஆற்றின் அடிவயிற்றில் குடத்தின் வாயை வைத்தால், தண்ணீர் மெல்லிய கயிறாக இறங்கிக் குடத்தை நிறைத்துத் தானாகவே நின்றது. மீனவர்கள் கூடையை மேலே நீட்டி மீன் பறித்தார்கள். அடியில் சேற்றில், தொலைந்துபோன பொருளெல்லாம் கிடந்தன, அம்மிக் கற்கள், ஒரு சைக்கிள், மண்வெட்டிகள், ஒரு தையல் மெஷின். நாலு வருஷத்துக்கு முன்பு படகு கவிழ்ந்து போன தன் தம்பியின் ஒற்றை பூட்ஸை ஒருத்தி கண்டெடுத்து, மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து, நாள் முழுக்க அதிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதிரியார் வந்து கரையில் நின்று ஜெபித்துவிட்டு, ஜெபம் முடிந்ததும் தானும் செருப்பைக் கழற்றிக்கொண்டு மில்லுக்குப் போனார். சாயங்காலத்துக்குள் இறங்குகிற இடத்தில் ஒருவன் சோளக்கதிர் சுட ஆரம்பித்துவிட்டான். முகாமில் தங்கியிருந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்கள், படகுப் பயணம் ரத்தாகிவிட்டதால் அதற்குப் பதில் ஆற்றுக்கு அடியில் ஒரு நடைப்பயணம் ஏற்பாடு செய்யமுடியுமா என்று கேட்க, பாட்ரிக் தலையைக் குனிந்துகொண்டே, கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஆனால் யாரும் தைரியமாக இல்லை என்பதை ரூபவதி கவனித்தாள். சிரித்துக்கொண்டே இறங்குகிறவர்கள் சேற்றில் கால் வைத்ததும் வாயை மூடிக்கொண்டார்கள், திரும்பி ஏறுகிறவர்கள் தரை தட்டுப்பட்டதும் முழங்காலில் கைவைத்துக் குனிந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார்கள், குழந்தைகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அழுதன. ஊரே பயத்தோடு வேலை பார்த்தது. அவளுக்கு மட்டும் பழக்கமான ஒன்று, ஒரே நாளில் எல்லோருக்கும் வந்திருந்தது.

தீவுக்கு மட்டும் யாராலும் போக முடியவில்லை. தீவுக்கும் கரைக்கும் நடுவில்தான் நீர்யானைகளின் மடு இருந்தது. அந்த இடத்தில் ஆறு, மழை தேங்கிய தார்ப்பாயைப்போலக் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது, இடுப்பளவு உயரம்கூட இடைவெளி இல்லை, அதற்கு மேலே இருபது நீர்யானைகள் நின்றன. ஆண்கள் இரண்டு தரம் போய், மடுவின் ஓரம்வரை ஊர்ந்து, இரண்டு தரமும் முகம் வெளுத்துத் திரும்பினார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வாக்கிடாக்கியில் ஞானதுரை மெதுவாகப் பேசினார். அவர் அப்படி மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"கால் வீங்கிட்டு ரூபா. பெருவிரல் கருத்துட்டு. தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு."

"கிள்ளிப் பாருங்க. தெரியுதான்னு கேளுங்க."

அவர் லுபாசியின் விரலைக் கிள்ளிவிட்டு அவனிடம் கேட்பது கேட்டது. "தெரியலங்கான்" என்றார். பிறகு, "ஏட்டி, இங்க ஒரு முதலை சுவருக்குள்ள என் முகத்துக்கு நேரா நிக்கி. நேத்துலருந்து நிக்கி. நான் எங்க போய் உக்காந்தாலும் அந்தப் பக்கம் வந்து நிக்கி" என்றார். அதோடு பேட்டரி தீர்ந்துவிட்டது.

லுபாசியின் மனைவி மூதிந்தா அப்போது பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான, நெடிய பெண், முகாமில் துணி துவைக்கிற வேலை. தமிழ் புரியாவிட்டாலும் ரூபவதியின் முகத்தைப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டாள்.

"சிஸ்டர், காலையில நான் போறேன்" என்றாள் ஆங்கிலத்தில். நர்ஸ் என்றால் அங்கேயும் சிஸ்டர்தான். "எனக்குக் காலைப் பத்தித் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

"எனக்கு பயமா இருக்கு" என்றாள் ரூபவதி.

"எனக்கும்தான் சிஸ்டர்."

 வெள்ளிக்கிழமை வெளிச்சம் வந்ததும் இருவரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். மூதிந்தாவின் தோளில் ஒரு தார்ப்பாய், ரூபவதியின் கையில் முகாமின் மருந்துப் பெட்டி. வாயைத் திறந்தால் சத்தம் வந்துவிடும் என்று துப்பட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

அடியில் வெளிச்சம் பச்சையாக இருந்தது. மேலே கூரை நடுங்கிக்கொண்டே ஓடிற்று, அதன் ஓட்டம் கண்ணில் படும்போதெல்லாம் தரை பின்னால் நகர்வதுபோலத் தலை சுற்றியது. மீன்கள் அடிப்புறத்தில் வாயை ஒட்டவைத்து உறிஞ்சின. ஒரு முதலையின் வயிறு, மஞ்சள் வெள்ளையாக, கட்டம் கட்டமாக, அவள் தலைக்கு ஒரு முழம் மேலே நழுவிக் கடந்தது. அதற்குக் கண் மேலே இருக்கிறது, கீழே பார்க்காது என்று மூதிந்தா சைகையில் சொன்னாள். அது வால் நுனிவரை கடந்து போகும்வரை இருவரும் மூச்சு விடவில்லை. பிறகு கூரை தாழ்ந்தது. குனிந்தார்கள், மண்டியிட்டார்கள், கடைசியில் சேற்றில் நாலு காலில் ஊர்ந்தார்கள். அப்போது நீர்யானைகளின் உள்ளங்கால்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் முறம் அகலம், நாலு விரல், சாம்பல் நிறம். அவை தண்ணீரின் அடியைத் தரையென்று மிதித்து நடந்தன. ஒவ்வொரு மிதிக்கும் கூரை ஒரு பள்ளமாகக் கீழே இறங்கி முதுகைத் தொட்டுவிட்டு மேலே போனது. ரூபவதிக்குத் தன்னையறியாமல் சிறுநீர் போய்விட்டது. அவள் நிற்கவில்லை. நின்றால் மறுபடி நகரமுடியாது என்று அவளுக்குத் தெரியும், பயத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

தீவில் ஏறியபோது ஞானதுரை ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பறவையைப் பாத்தேன் ரூபா" என்றார். "என் தலைக்கு மேல தண்ணியக் கிழிச்சிக்கிட்டுப் போச்சு." அவருடைய கண்கள் அவளைப் பார்க்காமல் தண்ணீர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே அவர் சொன்ன முதலை நின்றுகொண்டிருந்தது.

லுபாசிக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. மூதிந்தா அவன் தலையை மடியில் எடுத்து வைத்து ஏதோ சொன்னாள், அவன் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான். ரூபவதி காலைத் தொட்டுப் பார்த்தாள்.  படகிலிருந்து மணலில் விழுந்து கிடந்த ஒரு துடுப்பை உடைத்து, காலை இழுத்து நேராக்கி, துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். விரல்களை வெகுநேரம் தேய்த்தாள். லேசாக நிறம் திரும்பியதுபோல இருந்தது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டாள்.

தார்ப்பாயில் அவனைக் கிடத்தி, தலைப்பக்கம் ஞானதுரையும் மூதிந்தாவும், கால்பக்கம் ரூபவதியுமாக அடியில் இறங்கினார்கள். பத்தடி போயிருப்பார்கள், ரூபவதியின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. வரும்போது ஒரு சொட்டுகூட விழவில்லை. பிறகு இன்னொன்று விழுந்தது. மூதிந்தாவும் அதை உணர்ந்துவிட்டாள் என்று அவள் தோள் சொல்லிற்று.

மடுவின் அடியில், ஊர்ந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, ஞானதுரை பிடியை விட்டுவிட்டார். சேற்றில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"ஏட்டி, நான் இங்கயே இருக்கேன்" என்றார். "என்னால முடியாது. மேல பாக்காத."

"அத்தான், வாங்க."

"முடியாது."

அவர் நடுங்கினார். முப்பது வருஷமாக எங்கோ ஒளித்து வைத்திருந்த பயமெல்லாம் இரண்டு நாளில் வந்து இறங்கியதுபோல, பல் கிட்டி, சின்னப் பிள்ளை காய்ச்சலில் நடுங்குவதுபோல நடுங்கினார். மேலே ஒரு நீர்யானை முனகியது, அந்த முனகல் கூரை வழியாக இறங்கி எலும்புக்குள் போனது.

"சிஸ்டர், உங்க வீட்டுக்காரர்..." என்று மூதிந்தா முணுமுணுத்தாள்.

ரூபவதி புருஷனைப் பார்த்தாள், தார்ப்பாயைப் பார்த்தாள். "அவருக்குக் கால் இருக்கு" என்றாள். "உன் வீட்டுக்காரருக்கு இல்ல. இழு."

இழுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருப்பாள் என்று பிற்பாடு ஊரில் இருந்த மகளிடம் சொன்னாள். இரண்டு பெண்கள், ஒரு மனுஷனின் கனத்தை, சேற்றில், முழங்கை தோல் உரிய, எத்தனை நேரம் இழுத்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது. கரையிலிருந்து கைகள் நீண்டன, லுபாசியைத் தூக்கின, மூதிந்தாவைத் தூக்கின.

ரூபவதி ஏறவில்லை. அகத்தா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர்ச் சுவரின் உச்சி காலையில் இருந்ததைவிட இரண்டு முழம் இறங்கியிருந்ததைக் காட்டினாள்.

"இனி யாரும் உள்ள போகக்கூடாது. அது இறங்குது."

"அவரு உள்ள இருக்காரு."

"உன்னையும் சேர்த்து எடுத்துக்கும்."

"சரி" என்றாள் ரூபவதி. அது சம்மதம் இல்லை, அந்தச் சமயத்தில் அவள் வாயில் வந்த சொல் அது, அவ்வளவுதான். கையை உருவிக்கொண்டாள். பின்னாலேயே இறங்க வந்த மூதிந்தாவை, "நீ அவன் காலத் தேச்சிவிடு, நிறுத்தாம தேயி" என்று சொல்லித் திருப்பினாள்.

ஆறு கரைப்பக்கம்தான் முதலில் இறங்கத் தொடங்கியிருந்தது, அதனால் இரண்டாம் தடவை போனபோது தொடக்கத்திலிருந்தே ஊரவேண்டியிருந்தது. சொட்டுகள் நூலாகியிருந்தன. பச்சை வெளிச்சம் கருநீலமாகியிருந்தது. அவள் தங்கள் தார்ப்பாய் இழுபட்ட தடத்தைக் கையால் தடவித் தடவிப் போனாள். கர்த்தாவே, கர்த்தாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டாள், அதற்கு அடுத்த சொல் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ஞானதுரை அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். கூரை அவர் தலையைத் தொட்டுவிட்டது. அவருடைய நரைத்த முடி செங்குத்தாக நின்று மேலே தண்ணீருக்குள் மிதந்து ஆடிக்கொண்டிருந்தது. ரூபவதி அவரைப் பிடித்து உலுக்கினாள். பிறகு கெஞ்சினாள். திட்டினாள். மகளின் பெயரைச் சொன்னாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் மண்ணில் நட்ட கல்லாக இருந்தார்.

அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அத்தான், எனக்கு பயமா இருக்கு. என்னக் கூட்டிட்டுப் போங்க."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ தரம் அவள் சொன்ன வார்த்தை அது. ரோட்டைக் கடக்கும்போது, லிஃப்டின் முன்னால், நாய் படுத்த தெருவில், விமானத்தின் வாசலில் சொன்னது. ஒவ்வொரு தரமும் அவர் திரும்பிப்பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவார். இப்போதும் அவர் முகம் மாறவில்லை, கண் மாறவில்லை, நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் கை நீண்டது. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. "வா" என்றார். குனிந்து, வயிற்றால் ஊர்ந்து, முன்னால் போகத் தொடங்கினார்.

பாதி வழியில் ஒரு நீர்யானையின் கால் கூரையைக் கிழித்துக்கொண்டு இறங்கி, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், சேற்றில் ஊன்றியது. பிடி விட்டுப்போயிற்று. அந்தக் கால் அங்கேயே இருந்தது. அதிலிருந்து தண்ணீர் வழிந்தது. ரூபவதி தன் முகத்துக்கு முன்னால் அந்தத் தோலின் சுருக்கங்களைப் பார்த்தாள், ஒரு நகத்தின் ஓரம் உடைந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து, "ரூபா, இருக்கியா? ரூபா, இருக்கியா?" என்று ஞானதுரையின் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது.  கால் சேற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டு மேலே போனது. கூரை மூடிக்கொண்டது. அவர் கை மறுபடி வந்து, துழாவி, அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது.

கடைசி முப்பது அடியை ஒரு கன்னத்தைச் சேற்றில் அழுத்தி, மறு கன்னத்தில் ஆறு உரச, கடந்தார்கள். கரைக்காரர்கள் அவர்களைப் பிடித்து இழுத்த வேகத்தில் ஞானதுரையின் தோள் பிசகிவிட்டது. ரூபவதியின் குதிகால் வெளியே வந்ததும், கிழவி ஒருத்தி பாயில் படுப்பதுபோல, சத்தமில்லாமல், ஒரு துளி சிதறாமல், லுவெம்பே தன் படுக்கையில் இறங்கிப் படுத்தது. கரையில் அலை நக்க ஆரம்பித்தது. நீர்யானைகள் மூக்கை மேலே நீட்டி மூச்சு விட்டன.

அகத்தா ஊரை எண்ணினாள். இக்கரையில் எண்ணினாள், அக்கரையில் கூவி எண்ணச் சொன்னாள், முகாமிலும் எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள். ஆறு இந்தத் தடவை ஒருவரையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கேட்டு யாரும் சந்தோஷப்படவில்லை. எழுந்து இறங்கின ஆறு வெறுங்கையோடு படுக்காது என்று எல்லோருக்கும் தெரியும், அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள், மாடுகளைக் கட்டிப்போட்டார்கள், கரையை விட்டு விலகி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

லுபாசியின் கால் தப்பியது. மறுநாள் விமானம் வந்து அவனைத் தலைநகருக்குக் கொண்டுபோனது, இரண்டு விரல்கள் மட்டும் போயின, ஒரு வருஷத்தில் மறுபடி படகு ஓட்டினான். ஞானதுரை ஊர் திரும்பினபிறகு அந்தப் பறவையைப் பற்றி யார் கேட்டாலும், பார்த்தேன் என்று சொல்வார், அதற்கு மேல் சொல்லமாட்டார். ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பதைப் பாளையங்கோட்டையில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெயில் சாய்கிற நேரத்தில், மூதிந்தா தலையில் காலிக் குடத்தோடு தனியாக ஆற்றுக்குப் போவதை ரூபவதி கூடாரத்திலிருந்து பார்த்தாள். ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? அதுல போய்க் காலை வைக்கப்போறியா?"

"வீட்டில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல சிஸ்டர்" என்றாள் மூதிந்தா. "அவருக்கு வெந்நீர் வைக்கணும். நீங்கதான் சொன்னீங்க, புண்ணைக் கழுவிக்கிட்டே இருக்கணும்னு."

அவள் குரலும் நடுங்கிற்று. ஆனாலும் போனாள். கரையோரம் கலங்கியிருந்ததால், தெளிந்த தண்ணீருக்காக முழங்கால் அளவுக்கு இறங்கினாள். ரூபவதி சுற்றும்முற்றும் பார்த்து, கிடந்த ஒரு நீளக் கழியை எடுத்துக்கொண்டு, சல்வாரைத் தூக்கிச் செருகி, அவளும் இறங்கினாள். மூதிந்தாவுக்கு முன்னால், ஆழமான பக்கம் போய், ஆற்றைப் பார்த்து நின்றாள். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. சற்றுத் தூரத்தில் மரக்கட்டைபோல ஒன்று மிதந்தது, அது மரக்கட்டையாகவும் இருக்கலாம். கழியின் நுனி தண்ணீரில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம், சீக்கிரம், சீக்கிரம்" என்று தமிழில் முணுமுணுத்தாள்.

குடம் நிறைகிற சத்தம் நின்றது. மூதிந்தா அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள்.

"இன்னொரு குடம் வேணும் சிஸ்டர்."

ரூபவதி அந்த மரக்கட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வச்சிட்டு வா" என்றாள். "நான் நிக்கேன்."